உப்புப் போட்டீகளா?

இப்படி ஒட்டி உக்காரு தாயி. இன்னும் கொஞ்சம். இந்த பஸ்சு போடுற சத்தத்துல கத்திப் பேசினா முன் சீட்டு வரைக்கும் கேக்கும், மெதுவாப் பேசினா உனக்கே கேக்காது. கத்திப் பேசுறது எனக்குப் பழக்கமும் இல்லை. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு, ராக்கம்மா இருக்கிற இடம் தெரியாதுன்னு சொல்லுவாக.

அதோ, டிரைவருக்குப் பின்னால, நீளமா ஒரு கரண்டியை மடியில வச்சுக்கிட்டு கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்குறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். ஏறும்போது அந்தக் கரண்டி உன் தோள்ல இடிச்சுச்சே, காம்புல பேர் வெட்டியிருக்கும், பாத்தியா? என்ன போட்டிருக்கு? ஆங், அடைக்கலம்னு நீயே படிச்சிட்ட. நான் சொல்ல மாட்டேன், கட்டினவர் பேரை. மாஸ்டர்னே வச்சுக்குவோம், ஊரும் அப்படித்தான் கூப்பிடுது.

நல்ல மனுசன். ஆக்குற கையும் நல்ல கை. ஒரே ஒரு குறை. அவர் மண்டைக்குள்ள ஒருத்தி உக்காந்திருந்தா.

சிரிக்காத. வெளியில இருக்கிற சக்களத்தின்னா கொண்டையைப் பிடிச்சு ரெண்டு இழுப்பு இழுத்துரலாம். மண்டைக்குள்ள இருக்கிறவளை எதைப் பிடிச்சு இழுக்கிறது?

எங்க ஊர் எல்லையில கருப்பர் கோயில் இருக்கு. வருசம் ஒருதரம் கெடா வெட்டு. அதுல ஆம்பளைக மட்டுந்தான். பொம்பளைக எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அங்கயே ஆக்கி, அங்கயே படைச்சு, அங்கயே தின்னு தீத்துட்டு, இலையைக் குழியில போட்டு மூடிட்டு வரணும். ஒரு பருக்கை வீட்டுக்கு வரக் கூடாது. அந்தச் சமையல் எங்க மாமனார் காலத்துல இருந்து எங்க வீட்டுக் கரண்டிதான். ஊருக்குள்ள எங்களுக்கு இருக்கிற மரியாதையே அந்தக் கரண்டிதான்னு வச்சுக்கோயேன். கோயில் மாலை விழுறப்போ ஊர்த் தலைவர் பெரிய அம்பலத்துக்கு அடுத்து இவர் கழுத்துலதான் விழும்.

ஆனா அதுல ஒரு கட்டு இருக்கு. கருப்பருக்குப் படைக்கிற வரைக்கும் ஆக்குனதை யாரும் நாக்குல வைக்கக் கூடாது. மோந்து பாக்கக்கூடக் கூடாது. ஆக்குறவர் ஒரு துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கணும். உப்புப் போட்டா போட்டதுதான். நாக்கைக் கேக்க முடியாது. கையை நம்பணும்.

இவர் கை நம்பலாங்கிற கைதான். உப்பை அள்ளினார்னா தராசு தோத்துப் போகும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து, வீட்டுல அவர் சமைக்கையில நான் ஒரு ஒத்தாசைக்குப் பக்கத்துல நிப்பேன். நிக்கிறதோட சரி. வாயைத் திறக்க மாட்டேன். "உப்புப் போட்டீகளா?"ன்னு கேப்பேன். "போட்டாச்சு"ம்பார். "நெசமாவா?"ன்னு கேப்பேன். "ஆமா"ம்பார். "எங்க, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க"ன்னு சொல்லுவேன். அம்புட்டுத்தான் தாயி. அதுக்கு மேல ஒரு சொல்லு கிடையாது. புருசன் தொழில்ல தலையிடுற சாதியில நான் பிறக்கலை.

அவருக்குக் காதும் கொஞ்சம் கோளாறுதான், அதையும் சொல்லிர்றேன். அடுப்படியில நான் பக்கத்துல நிக்கிறப்போ திடீர்னு, "ராக்கு, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க, போய்ப் பாரு"ம்பார். போய்ப் பாப்பேன். ஒரு ஈ காக்கா இருக்காது. வந்ததுக்குப் பக்கத்து வீட்டு மாயக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு உள்ள போனா, சமையலே முடிஞ்சு இறக்கி வச்சிருப்பார். "யாருமில்லையே"ன்னா, "அப்படியா? கேட்ட மாதிரி இருந்துச்சே"ம்பார். பாவம். அப்பவே வைத்தியரைப் பாத்திருக்கணும். கல்யாணமான புதுசுல இருந்தே அவருக்கு இந்தச் சீக்கு இருந்திருக்கு, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்.

போன வருசக் கெடா வெட்டுலதான் அது முத்திருச்சு.

என் தம்பி சோணைமுத்து இவருக்குக் கையாள். வெங்காயம் உரிக்கிறதுல இருந்து கஞ்சி வடிக்கிற வரைக்கும் அவன்தான். அவன் வந்து சொன்னதைத்தான் சொல்றேன். துண்டைக் கட்டிக்கிட்டு அண்டாவைக் கிண்டிக்கிட்டிருந்த மனுசன் கரண்டியோட அப்படியே நின்னாராம்.

"என்ன மச்சான்?"

"உப்புப் போட்டனாடா?"

"போட்டீக மச்சான். என் கண்ணு முன்னாடிதான போட்டீக."

"நெசமாவா?"

"கருப்பர் சத்தியமா."

"எங்க, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

விறகுப் புகை அவன் கண்ணுல ஏறித் தாரை தாரையா வடியுது. எங்க மூஞ்சியைப் பாக்க? கண்ணைக் கசக்கிக்கிட்டுத் திரும்பியிருக்கான். இவர் அதைப் பாத்துட்டு, பயபுள்ள பொய் சொல்றான்னு ஒரு கை அள்ளிப் போட்டுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் நின்னார். மறுபடியும் ஒரு கை. இப்படியே குழம்பு இறக்குற வரைக்கும் நடந்திருக்கு.

படையல் முடிஞ்சு பந்தி உக்காந்தாச்சு. முதல் வாய் பெரிய அம்பலம்தான் வைக்கணும். வச்சார். வச்சதும் கண்ணை இறுக மூடிக்கிட்டார், உடம்பு நடுங்குது. அருள் வந்துருச்சுன்னு பக்கத்துல இருந்தவுக எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாக. அவர் கண்ணைத் திறந்து சொன்ன வாக்கு என்ன தெரியுமா?

"தண்ணி."

அதைவிடக் கொடுமை, சாமி சோத்தைத் துப்ப முடியாது. மிச்சம் வைக்க முடியாது. வீட்டுக்கும் கொண்டாற முடியாது. அம்புட்டு ஆம்பளைகளும் உக்காந்து தின்னுதான் தீரணும். தின்னாக. ஒரு வாய் சோறு, ஒரு சொம்பு தண்ணி. கண்மாய்க் கரையில மாடு தண்ணி குடிக்கிற மாதிரி வரிசையாக் குனிஞ்சு குடிச்சாகளாம். வீட்டுக்கு வந்தப்போ ஒவ்வொருத்தன் உதடும் கருவாடு மாதிரி இருந்துச்சு. மாயக்கா புருசனுக்கு ஒரு வாரம் பேச்சு வரலை. அவ அதைக் குறையாச் சொல்லலை, அது வேற.

பெரிய அம்பலம் கைகழுவிட்டுச் சொன்னது இதுதான். "மாஸ்டரே, உங்கப்பா கரண்டிங்கிறதுக்காக ஒரு வருசம் பொறுத்துக்கிறோம். அடுத்த வருசமும் இப்படின்னா கரண்டி வீரணன் கைக்குப் போயிரும்."

வீரணன்னா கீழத்தெருக்காரன். ஊருக்குள்ள முதமுதல்ல கேட்டரிங்னு போர்டு வச்சவன். போர்டுல அவன் மீசைதான் பெரிசா இருக்கும், கீழ சின்னதா ஒரு பிரியாணித் தட்டு.

வீட்டுக்கு வந்து சுவத்தைப் பாத்து உக்காந்துட்டார். நான் ஆறுதலாத்தான் பேசினேன். "விடுங்க, ஊரே காறித் துப்புனா துப்பிட்டுப் போகட்டும். போடுறப்போ மனசுல வச்சுப் போட்டிருக்கலாம்ல? கவனம் எங்க போச்சு, மேயவா போச்சு?"ன்னேன். சுவத்தைப் பாத்தபடியே சொன்னார்.

"ராக்கு, அடுப்பு முன்னால நின்னா மண்டைக்குள்ள ஒரு கொரல் கேக்குது."

"என்னன்னு கேக்குது?"

"உப்புப் போட்டீகளாங்குது. போட்டேன்னா, நெசமாவாங்குது. ஆமான்னா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கங்குது."

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம் தாயி! யாரு பெத்த மூதேவியோ! ஒரு மனுசனை நிம்மதியா வேலை பாக்க விடாம இப்படியா நச்சரிப்பா? இவளுக்கெல்லாம் வீட்டுல சோலியே இருக்காதா? "யாரு கொரல் மாதிரி இருக்கு, சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்"னு கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம், "பிடிபட மாட்டேங்குது. குடிக்கத் தண்ணி கொண்டா"ன்னுட்டார்.

அதுக்கப்புறம் அந்த மூதேவி உப்போட நிக்கலை. கதவைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பார். குளிச்சிட்டுத் தலை துவட்டிக்கிட்டே, "நான் குளிச்சிட்டனா?"ம்பார். ஒரு காதுகுத்து வீட்டுல, அங்க ருசி பாக்கத் தடையில்லையா, தன் நாக்கை நம்பாம போறவன் வாறவனையெல்லாம் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டியிருக்கார். ஒருத்தன் உரைப்புக் கம்மிங்கிறான், ஒருத்தன் புளி தூக்கலாங்கிறான். அதைப் போட்டு இதை ஊத்தி, ருசி பாத்தே பாதி அண்டா காலி. பந்தியில ஊத்தக் குழம்பு இல்லை. தாய்மாமன் ரசத்தை ஊத்திக்கிட்டுக் கெடாக்கறி தின்னுட்டுப் போனான்.

"நான் வேணா நானாவே கரண்டியைக் கொண்டு போய் வீரணன்கிட்டக் குடுத்துர்றேன் ராக்கு. பறிச்சுக் குடுத்தா அசிங்கம்"னார். சொல்லிட்டுத் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அவர் அப்பா செத்தப்போகூட அழாத மனுசன்.

விடுவேனா? முதல்ல ரெண்டு காதுலயும் பஞ்சை வச்சு அடைச்சேன். "எப்படியிருக்கு?"ன்னேன். "உள்ள இருக்கிறவ வெளிய வர வழியில்லாம இன்னும் சத்தமாக் கத்துறா"ன்னார். சரி, பஞ்சு ஆகாது.

அப்புறம் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனேன். வயசாளி, நல்லாக் குறி சொல்லுவார்னு பேரு. உடுக்கையைத் தட்டிட்டு இவரைக் கேட்டார்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணுதான்."

"செத்ததா, உசுரோட இருக்கிறதா?"

"நல்லா இருக்கு சாமி. ஒரு குறையும் இல்லை."

"எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

இவர் தரையைப் பாத்தார். நான்தான் பொறுக்க மாட்டாம, "கேக்குறாகள்ல, சொல்லுங்க! நெசத்தைச் சொல்லுங்க! அவுக மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க!"ன்னேன். கோடாங்கி சட்டுனு உடுக்கையைக் கீழ வச்சுட்டார். என்னைப் பாத்தார், இவரைப் பாத்தார். திருநீறை எடுத்து எனக்குப் பூசுறார்! கயித்தை மந்திரிச்சு என் கையில கட்டுறார்! வயசாளியில்லையா, கண்ணு மங்கிப் போச்சு போல. "சாமி, சீக்கு அவருக்கு"ன்னேன். "தெரியும்மா. மருந்து உனக்கு"ன்னார். செவ்வாயும் வெள்ளியும் நான் பேசாம இருக்கணும்னார். பெரிய மனுசன் சொல்லைத் தட்டக்கூடாதேன்னு அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தேன் தாயி, உலை வைக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் அவர் உப்புப் போடுற நேரம் வந்துருச்சே, என்ன செய்ய?

கடைசியில நானே ஒரு யோசனை கண்டுபிடிச்சேன். உப்பைத் திட்டமா அளந்து ஒரு துணியில பொட்டலமாக் கட்டினேன். "இதைக் கொட்டுங்க, முடிஞ்சுது. அவ கேட்டா வெறுந்துணியை எடுத்துக் காட்டுங்க"ன்னேன். அவர் முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு பாரு! மாசக்கணக்குல பாக்காத சிரிப்பு. பொட்டலத்தை மடியில முடிஞ்சுக்கிட்டார்.

இந்த வருசக் கெடா வெட்டு வந்துச்சு. காலையில குளிச்சு, கரண்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். தெரு முனை வரைக்கும் தைரியமாத்தான் நடந்தார். நான் பின்னாடியே ஓடிப் போய் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "ஏங்க, அதுல இருக்கிறது உப்புத்தான? நான் சீனியைக் கட்டலையே?"

அக்கறையிலதான் கேட்டேன். கேட்டு வச்சா நல்லதுதான? ஆனா அவர் நடை என்னமோ அங்கயிருந்து கொஞ்சம் தளர்ந்து போச்சு.

இரு தாயி, பேச்சு வாக்குல மறந்தே போயிட்டேன். ஏங்க! ஏங்க, உங்களைத்தான்! இன்னைக்குப் பொட்டலத்தை எடுத்து வச்சீகளா? தலையை ஆட்டுறார். வச்சுட்டாராம். காளையார்கோயில் பக்கம் ஒரு கல்யாணம், அதுக்குத்தான் போறோம். பொம்பளைக நிக்கலாங்கிற சமையல்தான. இனிமே தனியா விடுறதில்லைன்னு நானும் கிளம்பிட்டேன். சொன்னதும் மனுசனுக்கு சந்தோசத்துல பேச்சே வரலை.

எங்க விட்டேன்? ஆங், கெடா வெட்டு.

துண்டைக் கட்டியாச்சு. கறி வெந்துக்கிட்டிருக்கு. பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினார். சோணைமுத்து வெறுந்துணியை வாங்கி உதறிக் காட்டினான். அப்பாடான்னு ரெண்டு கிண்டு கிண்டியிருக்கார். வந்துட்டா! "அது உப்புத்தான? சீனியைப் போடலையே? நெசமாவா?"ங்கிறாளாம். பாரேன் அவ அநியாயத்தை! நான் தெரு முனையில கேட்டதை எங்கயோ ஒளிஞ்சு நின்னு கேட்டுட்டுப் போய் அங்க சொல்லியிருக்கா!

இவர் பக்கத்துல உப்பு மூட்டை வாய் திறந்து கெடக்கு. ஒரு கை உப்பு அள்ளிட்டார். பெரிய அம்பலம் கட்டில்ல உக்காந்து இவரையே பாத்துக்கிட்டு இருக்கார். சோணைமுத்து கும்புடாத சாமி இல்லை. அண்டாவுக்கு மேல கை போயிருச்சு. விரலைத் திறந்தா கரண்டி போச்சு, மாலை போச்சு, எல்லாம் போச்சு.

அப்ப நின்னார் பாரு. என்ன தோணுச்சோ, கழுத்தை லேசாத் திருப்பி, தோளுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி, சாவகாசமா ஒரு சொல்லுச் சொன்னாராம்.

"வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க. போய்ப் பாரு."

சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லையாம். அவ போய்ட்டா! கையில இருந்த உப்பை மூட்டையிலேயே போட்டுட்டு, கையைத் தட்டிட்டுக் கரண்டியை எடுத்தார்.

ஆனா துண்டு கட்டின வாயில இருந்து வந்த சத்தம் குகைக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்திருக்கு. பெரிய அம்பலம் கட்டில்ல இருந்து துள்ளி எந்திரிச்சுட்டார். "கருப்பர் உத்தரவு! எல்லைக் கல்லுல யாரு நிக்கிறான்னு பாருங்கடா!" கும்பலா ஓடியிருக்காக. ஓடிப் பாத்தா, கல்லுக்கு அந்தப்புறம் வீரணன் நிக்கிறான். குளிச்சு, புது வேட்டி கட்டி, தோள்ல சொந்தக் கரண்டியோட.

"இங்க என்னடா பண்ற?"

"சும்மா, காத்து வாங்க வந்தேன்."

"கரண்டி எதுக்கு?"

பய திருதிருன்னு முழிச்சுட்டு, "முதுகு சொறிய"ன்னானாம்.

"கருப்பரே உன்னையக் காட்டிக் குடுத்துட்டார். வா, வந்து இலையைப் போடு"ன்னு இழுத்துட்டுப் போய், பந்தி முடியிற வரைக்கும் பரிமாற விட்டுட்டாக. மீசையெல்லாம் வியர்வை.

முதல் வாயைப் பெரிய அம்பலம் வச்சார். ஊரே அவர் வாயைப் பாக்குது. மென்னார். முழுங்கினார். இலையை முன்னால தள்ளி, வீரணனைப் பாத்து, "அள்ளி ஊத்துடா, ஏன் உன் வீட்டுச் சொத்தா?"ன்னார். அதுக்கு மேல என்ன சொல்லணும்? மாலை இவர் கழுத்துலதான்.

எனக்குத்தான் மனசு ஆறலை. ஒரு பருக்கை வீட்டுக்கு வராதே, எப்படித் தெரியும்? தெரு முனையில நின்னு திரும்பி வந்த ஒவ்வொரு ஆம்பளையையும் நிறுத்திக் கேட்டேன். "உப்புச் சரியா இருந்துச்சா? நெசமாவா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க." மாயக்கா புருசன் என்னைப் பாத்ததும் வேற தெரு வழியாப் போய்ட்டான். அவனுக்கு இன்னும் பேச்சு சரியா வரலை போல.

அன்னையில இருந்து இவருக்கு அந்தக் கொரல் தொல்லை இல்லை தாயி. வந்தாலும் அதையே சொல்லி அனுப்பிர்றாராம். முதல்ல அவ போனதும் கொஞ்ச நேரத்துல திரும்பி வருவாளாம், இப்பெல்லாம் அங்கயே யார்கிட்டயோ பேசிக்கிட்டு நின்னுர்றாளாம். சரியான ஊர்வம்பு பிடிச்சவ! எல்லாம் இந்தக் கயித்து மகிமைதான். இந்தா பாரு, இன்னும் கையில கட்டியிருக்கேன். கோடாங்கிக்குக் கண்ணு தெரியாட்டியும் வாக்குப் பலிச்சிருச்சு. இன்னைக்கு நானும் அடுப்படியிலேயே நிக்கப் போறேன். அவ எப்படி வர்றான்னு பாத்துருவோம்.

ஏங்க! அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தீகளா? உப்புத்தான? நெசமாவா? இங்க திரும்பி, என் மூஞ்சியை...

என்னது? சத்தமாச் சொல்லுங்க, பஸ் இரைச்சல்ல கேக்கலை. பின்னாடியா? கடைசி சீட்டுலயா?

யாரோ என்னையக் கூப்பிடுறாகளாம் தாயி. எனக்கு ஒண்ணும் கேக்கலை. பாவம், இவருக்குக் காது இன்னும் சரியாகலை. எதுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன், இந்தப் பையைப் பாத்துக்க.